வல்லம் கல்லும் கைபேசிக் கண்ணாடியும்

காவிரிப் படுகை என்றதும் கரிய வண்டல் மண்ணும் நெல் வயலும் நினைவில் எழுவது இயல்பு. ஆயினும் பூதலூரிலிருந்து தென்கிழக்கே செல்வோர், வயல்கள் குறைந்து நிலம் மெல்ல மேடேறிச் செம்மண்ணாக மாறுவதைக் காண்பர். அம்மேட்டில் அமைந்த ஊரே வல்லம். கோட்டை கொண்டு ஒரு காலத்தில் தஞ்சைக்குக் காவலாய் நின்ற ஊர் அது. அவ்வூர் மண்ணில் கிடைத்த தெளிந்த படிகக் கல்லை மக்கள் 'வல்லம் கல்' என்றனர். அக்கல்லை அறுத்து, சாணையில் தேய்த்து, மெருகேற்றி, மூக்குக் கண்ணாடிக்கு வில்லையாக்கும் கைத்தொழில் தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் நடந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு அச்சிட்ட விவரச் சுவடிகளும் அதைக் குறிப்பிடத் தவறவில்லை.

அத்தொழிலை ஈண்டு நினைவுகூரக் காரணம் உண்டு. இன்று பூதலூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மூக்குக் கண்ணாடி கூரியரில் வருகிறது. பிள்ளைகள் கைபேசியில் பிரேமைத் தேர்ந்து, மருத்துவர் சீட்டில் உள்ள எண்களைப் பதிந்து, பணம் செலுத்திவிடுகின்றனர். ஒரு வாரத்தில் தந்தையின் மூக்கின்மேல் புதிய கண்ணாடி அமர்ந்துவிடுகிறது. விலையோ கடையில் கேட்டதில் பாதி. 'தஞ்சைக்கோ திருச்சிக்கோ இரயிலேறிக் கடைக்குப் போகத்தான் வேண்டுமா?' என்று நம்மிடமே கேட்பவர்கள் உண்டு. இது புதிய கேள்வி போலத் தோன்றும். உண்மையில், கண்ணாடி தோன்றிய நாள்தொட்டே தொடரும் பழங்கேள்வி இது.

வல்லம் கல்லுக்கு வாங்குவோர் கூறிய பெருமை, 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பதாகும். படிகம் வெப்பத்தை விரைந்து கடத்தும். ஆதலால் கன்னத்தில் வைத்தால் சாதாரணக் கண்ணாடியைவிடச் சில்லென்றிருக்கும். அதைக் கொண்டே கல்லையும் கண்ணாடியையும் வேறுபிரித்து அறிந்தனர். கண்ணாடியினும் கடினமானது என்பதால் கீறல் விழுவதும் அரிது. இவை இரண்டும் மெய்யான நற்பண்புகளே. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது மட்டும் மெய்யன்று. வெயிலில் உள்ள புறஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரிதும் தடுத்து நிறுத்த, படிகமோ அதைத் தாராளமாக உள்ளே விடுகிறது. மேலும், படிகத்துக்குள் ஒளி இரண்டாகப் பிரியும் இயல்பு உண்டு. அதன் அச்சுக்குக் குறுக்காக, சரியான திசையில் அறுத்தாலன்றி உருவம் தெளிவாகத் தெரியாது. திசையறிந்து அறுத்தவனா, கிடைத்தவாறு அறுத்தவனா என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்? விற்பவரின் சொல்லை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இதே நம்பிக்கைச் சிக்கலை 700 ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரம் சந்தித்தது. அங்கும் படிகத்தை இழைக்கும் கைவினைஞர் சங்கம் இருந்தது. 1300ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் ஒழுங்குகள், வெறுங்கண்ணாடியைப் படிகம் என்று சொல்லி விற்பதைத் தடைசெய்தன. மறு ஆண்டிலேயே, படிப்பதற்கான கண்ணாடி வில்லைகளை எவரும் செய்யலாம், ஆனால் அவற்றைக் கண்ணாடி என்றே விற்பதாக ஆணையிட வேண்டும் என விதி தளர்த்தப்பட்டது. மூக்குக் கண்ணாடியின் வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று, ஏமாற்றைத் தடுக்க எழுந்த ஆவணமாக இருப்பது சிந்திக்கத்தக்கது.

கண்ணாடியை முதலில் கண்டவர் யார் என்பதற்கு உறுதியான விடை இல்லை. புளோரன்ஸ் நகரத்தார் 17ஆம் நூற்றாண்டில் தம் ஊரார் ஒருவரின் பெயரைக் கல்லறை வாசகத்தோடு எடுத்துக்காட்டினர். அது புனைந்துரை என்று பின்னர் ஆய்வாளர் நிறுவினர். ஊர்ப்பற்று வரலாற்றை எங்கும் இப்படித்தான் படுத்துகிறது! உறுதியாகக் கிடைப்பவை இரண்டு சான்றுகள். இரண்டுமே தோமினிக் சபையாரிடமிருந்து வருபவை. நம் பாட்டனார் வழக்கில் அது சாமிநாதர் சபை. பீசா நகர ஜியோர்தானோ என்னும் துறவி, 1306ஆம் ஆண்டு பெப்ருவரியில் புளோரன்ஸ் நகரில் ஆற்றிய மறையுரையில், கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் 20 ஆண்டுகள் ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவரோடு தாம் பேசியிருப்பதாகவும் கூறினார். மறையுரையில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் அறிவியல் வரலாற்றின் அடிப்படைச் சான்றாகிவிட்டது.

இரண்டாம் சான்று பீசாவில் இருந்த புனித கத்தரீன் துறவுமடத்தின் குறிப்பேடு. 1313இல் இறந்த அலெஸ்ஸாந்திரோ தெல்லா ஸ்பினா என்னும் துறவியைப்பற்றி அது பேசுகிறது. கண்ணாடியை முதலில் செய்தவர் அதன் நுட்பத்தைப் பிறருக்குச் சொல்ல மறுத்தாராம். ஸ்பினாவோ தாமே முயன்று அதைச் செய்து பார்த்து, மகிழ்ந்த மனத்தோடு எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தாராம். கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்தது. பகிர்ந்தவரின் பெயர் நின்றது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். தெரிந்த அளவைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப்பற்றி இக்கட்டுரையில் இன்னொரு முறையும் பேச வேண்டியிருக்கும்.

கண்ணாடி விரைவில் ஊர்விட்டு ஊர் செல்லும் சரக்காயிற்று. 1462 அக்டோபரில் மிலான் நாட்டுக் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்ட்சா, புளோரன்ஸில் இருந்த தம் தூதுவருக்கு ஒரு மடல் எழுதினார். மூன்று டஜன் கண்ணாடிகள் வேண்டும். ஒரு டஜன் தொலைவில் பார்ப்பதற்கு, ஒரு டஜன் முதியோர் அருகில் பார்ப்பதற்கு, ஒரு டஜன் பொதுவான பார்வைக்கு என்பது மடலின் செய்தி. தமக்குக் கண்ணாடி தேவையில்லை, சுற்றியிருப்போர் கேட்கின்றனர் என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்திருந்தார். (கண்ணாடி அணியக் கூசுவது அன்றே இருந்திருக்கிறது.) நான்கு ஆண்டுகள் கழித்து அவர் மகன் 200 கண்ணாடிகளைக் கேட்டபோது, அணிபவரின் வயதை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பகுத்து எழுதினார். ஆளைப் பாராமல், வயதைச் சொல்லி, மலைக்கு அப்பாலிருந்து வரவழைத்த கண்ணாடி! கைபேசியும் கூரியரும் இல்லையே தவிர, இன்றைய முறைக்கும் அன்றைய முறைக்கும் பெரிய வேறுபாடு உண்டா?

நம் நாட்டுக்குக் கண்ணாடி எப்போது வந்தது? விசயநகர அரசவையில் மதிப்புப் பெற்றிருந்த வியாசராயர் ஏடு படிக்கையில் கண்ணாடி அணிந்ததை, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோமநாதர் எழுதிய வடமொழி நூலான வியாசயோகி சரிதம் குறிப்பதாக ஆய்வறிஞர் பி. கே. கோடே எடுத்துக்காட்டினார். போர்த்துக்கேயர் கோவாவைக் கைப்பற்றிய ஆண்டு 1510. அவர்கள் வழியாகவே அது வந்திருக்கலாம் என்பது பொருந்தும் கருத்து. கண்ணாடியே இந்தியாவில்தான் தோன்றியது என 1971இல் பிரித்தானியக் கண் மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளியானதுண்டு. பெருமைக்குரிய கூற்றாயினும், கிடைத்துள்ள சான்றுகள் அந்த அளவுக்கு இடந்தரவில்லை என்பதே நம் எண்ணம். வெளியிலிருந்து வந்த ஒன்றைக் கண்டு, தன் மண்ணின் கல்லிலேயே அதைச் செய்து பார்த்த தஞ்சைக் கைவினைஞனின் பெருமை நமக்குப் போதும்.

தஞ்சையில் கண் மருத்துவம் அரண்மனையிலேயே மதிக்கப்பட்டது. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோசி, தம் தன்வந்திரி மகாலில் கண் நோயாளரைக் கவனிக்கச் செய்து, ஒவ்வொருவரின் நோய்க் குறிப்பையும் கண்ணின் வண்ணப் படத்தோடு எழுதிவைக்கச் செய்தார். அவற்றுள் கண்புரை அறுவைக் குறிப்புகளும் உள. அந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுள்ளன. இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு வைத்தியர் ஒரு கண்ணுக்கு முன்னே அமர்ந்து, அந்த ஒரு கண்ணைப் பார்த்து வரைந்த குறிப்புகள் இவை. வயதைக் கேட்டு மூன்று டஜன் அனுப்பும் வழிக்கு நேர் எதிரான வழி இது.

வயதைக் கேட்டு விற்கும் வழி முற்றிலும் பொய்யன்று. நாற்பதை ஒட்டிக் கண்ணின் உள்வில்லை இறுகுவதால், அருகிலுள்ள எழுத்து மங்கும். நம் மக்கள் அதை வெள்ளெழுத்து என்றனர். சாளேசரம் என்றும் ஒரு பெயர் உண்டு. நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்னும் வடநாட்டுச் சொல்லின் வழி வந்தது அது என்பர். நாற்பது வயதாகிக் கண்ணில் வேறு குறை இல்லாதவருக்கு ஏறத்தாழ 1 டையாப்டர், அறுபதில் இரண்டரை என்று ஒரு பொதுக் கணக்குச் சொல்லலாம். திருவிழாக் கடையில் கம்பியில் தொங்கும் படிக்கும் கண்ணாடி பலருக்கு உதவுவது இதனால்தான். ஆனால் எல்லாருடைய கண்ணும் இப்படி இராது. 1801இல் தாமஸ் யங் தம் கண்ணிலேயே ஒரு திசைக்கும் மறு திசைக்கும் வளைவு வேறுபடுவதை அளந்து காட்டினார். 1825இல் வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி தம் இடக்கண்ணின் அத்தகைய குறைக்கு உருளை வில்லை செய்வித்துக்கொண்டார். இன்று மருத்துவர் சீட்டில் 'ஆக்ஸிஸ்' என்ற தலைப்பின்கீழ் 90 என்றும் 175 என்றும் எழுதப்படும் எண் இக்குறையின் கோணமே. 1862இல் ஸ்னெல்லன் எழுத்தட்டையை வெளியிட்டார். 1864இல் தோண்டர்ஸ் கண்ணளவையை முறைப்படுத்தி நூல் எழுதினார். கண்ணாடி, சரக்கு என்ற நிலையிலிருந்து ஆளுக்கு ஆள் அளந்து தரும் மருந்தாக மாறியது அப்போதுதான்.

சரக்கு விடுமா? 1897இல் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் அஞ்சல் வழி விற்ற பொருள்களின் பட்டியலில், ஏர், துப்பாக்கி, தையல் இயந்திரம் ஆகியவற்றோடு மூக்குக் கண்ணாடியும் இருந்தது. வீட்டிலேயே கண்ணைச் சோதிக்கும் முறையையும் அதிலேயே அச்சிட்டிருந்தனர். நகரக் கடைக்குச் செல்ல நாள் கணக்கில் வண்டி ஓட்ட வேண்டிய உழவருக்கு அது பெரிய உதவியே. அவரை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை.

நம் நாட்டில் அஞ்சலின் இடத்தை இணையம் பிடித்தது. லென்ஸ்கார்ட் நிறுவனம் 2010இல் இணைய விற்பனையைத் தொடங்கியது. அமெரிக்காவில் வார்பி பார்க்கர் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இவ்விரண்டும் பின்னர் செய்தது என்ன என்பதே நமக்குப் பாடம்: இரண்டுமே தெருக்களில் கடை திறந்தன. கணினியில் விற்கலாம் என்று வந்தவர்கள், நாற்காலியும் எழுத்தட்டையும் கொண்ட கடைக்குத் தாமே திரும்பினர். ஏன் திரும்பினர்? வில்லையை எங்கிருந்தும் அனுப்பலாம். நம் ஊர்க் கடைக்காரரும் அதை வெளியூரிலிருந்தே வரவழைக்கிறார். வல்லம் கல்லும் வெளியூர் சென்று விலைபோன பொருளே. கண்ணாடி என்றும் தொலைவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அளவு ஒன்றுதான் அருகிலிருந்து எடுக்கப்பட வேண்டியதாயிற்று.

அளவு என்றால் மருத்துவர் சீட்டில் உள்ள பவர் மட்டுமன்று. இரு கண்பாவைகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்க்குச் சராசரி 63 மில்லிமீட்டர் எனலாம். வில்லையின் நடுப்புள்ளி கண்பாவைக்கு நேரே அமைய வேண்டும். விலகினால் வில்லை முப்பட்டகம்போல் ஒளியை ஒருபுறம் வளைக்கும். 4 டையாப்டர் வில்லை 5 மில்லிமீட்டர் விலகினால், 2 அலகு முப்பட்டக விளைவு உண்டாகிறது. கண்ணின் தசைகள் அதை இழுத்துச் சரிசெய்ய முயலும். மாலையில் வரும் தலைவலிக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். இரட்டைப் பார்வை வில்லையில் சிக்கல் இன்னும் மிகுதி. கீழ்ப்பகுதி எவ்வளவு உயரத்தில் தொடங்க வேண்டும் என்பது, அந்தப் பிரேம் அந்த மூக்கில் அமர்ந்த பின்னரே தெரியும். நாமறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மகன் வரவழைத்துத் தந்த அத்தகைய கண்ணாடியோடு வரப்பில் நடக்க அஞ்சினார். படிப்பதற்கான பகுதி மேலேறி அமைந்துவிட்டதால், காலடி மண் கலங்கித் தெரிந்தது. மகனின் அன்பில் குறையில்லை, அளவில்தான் குறை.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்ததன்று. 2011இல் அமெரிக்கக் கண்பார்வை ஆய்வாளர்கள் இணையக் கடைகளில் 200 கண்ணாடிகளுக்குப் பதிந்தனர். 154 வந்து சேர்ந்தன. அவற்றுள் 44.8 விழுக்காடு, பவரிலோ உடையாத உறுதியிலோ ஏதேனும் ஒன்றில் தேறவில்லை. இதைச் சொல்லும்போதே இரண்டு குறிப்புகளையும் சேர்ப்பது நேர்மை: அது பல ஆண்டுகளுக்கு முந்தைய, பிறநாட்டு ஆய்வு, நடத்தியவர்களும் கடைப்பக்கத்துத் தொழிலைச் சேர்ந்தோர். இணைய நிறுவனங்கள் அதன்பின் கருவிகளைத் திருத்தியிருக்கின்றன. ஆயினும் திருத்த முடியாத ஒன்று எஞ்சுகிறது. வாங்குபவர் தம் முகத்தைத் தாமே அளந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவு பிசகினால் யார் துன்புறுவர்? நம் மாநிலத்தில் கண்புரை முகாம்கள் பெருகிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தும் முறை எளியோரை எட்டுமுன், புரையை எடுத்தபின் பூதக்கண்ணாடி போன்ற தடித்த கண்ணாடியைக் கொடுத்தனுப்பினர். ஏறத்தாழ 10 டையாப்டர். அத்தகைய வில்லை சிறிது சரிந்தாலும் பவரே மாறிவிடும். பட்டிழைத்து, நூலால் கட்டி, அதைத் தலையோடு இறுக்கிக்கொண்டு களத்துமேட்டில் அமர்ந்திருந்த முதியோர் எத்தனை பேர்! 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் வழியாகச் செயற்கை வில்லையை மலிவாகச் செய்யத் தொடங்கியபின் அந்நிலை மாறியது. அவர்கள் முகாமிலேயே அளந்து, முகாமிலேயே கண்ணாடியைப் பொருத்திக் கொடுக்கும் வழக்கத்தையும் வளர்த்தனர். திருச்சியில் 1934இல் தோன்றிய ஜோசப் கண் மருத்துவமனைக்கு இரயிலேறிச் சென்று வந்த குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம்.

கண்ணாடி ஆடம்பரம் என்போருக்கு ஒரு செய்தி. அசாம் தேயிலைத் தோட்டத்தில், 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. படிக்கும் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் அளவு, பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. அரிசியில் கல் பொறுக்கும் தாயும், பூச்சிமருந்துப் புட்டியில் பொடி எழுத்தைப் படிக்கும் உழவனும் இதே வயதினர்தாமே? ஆகவே விலை குறைவு என்பதைச் சிறிய செய்தியாகத் தள்ளிவிட இயலாது. 500 ரூபாய்க்குக் கண்ணாடி கிடைத்தால் அணிபவர், 2000 என்றால் அணியாமலே காலந்தள்ளுவார்.

கடைக்காரர்களிடமும் நமக்கு மனக்குறை உண்டு. பிரேமுக்கு எவ்வளவு, வில்லைக்கு எவ்வளவு, மேற்பூச்சுக்கு எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்லாமல் ஒரே தொகையாகச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. கண் சோதனை இலவசம் என்று அழைத்துவிட்டு, கண்ணாடி வாங்காதவரிடம் அளவுச் சீட்டைத் தர மறுக்கும் கடைகளும் உள. கண்பாவைத் தொலைவைக் கேட்டால், 'அது எதற்கு உங்களுக்கு?' என்பர். பீசா நகரத்தில் பெயரழிந்துபோன அந்த முதல் மனிதரின் மரபு இது. அமெரிக்க அரசு 1978இலேயே, கேட்காமலே அளவுச் சீட்டை நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று விதி செய்தது. இணைய வணிகம் நமக்குச் செய்த நன்மை, விலையின் திரையை விலக்கியது. கடைக்காரர்கள் அதற்குச் சினங்கொள்வதில் பொருளில்லை.

எனினும், வெளியே வாங்கிய கண்ணாடியின் தண்டு காதில் உறுத்தும்போது, அதை வெந்நீரிலோ சூட்டுக் கருவியிலோ காட்டி வளைத்து, காசு வாங்காமல் அனுப்பும் கடைக்காரர்களையும் நாம் கண்டிருக்கிறோம். திருகாணி விழுந்தால் கூரியர் வந்து மாட்டித்தராது. இரண்டு இடங்களுக்கும் நம்மிடையே வேலை உண்டு. பிள்ளைகளுக்கு முதற்கண்ணாடி என்றால் கண் மருத்துவரிடமே செல்ல வேண்டும். சிறுவரின் கண் கருவியின் முன் தானே இறுகி, இல்லாத பவரைக் காட்டும் இயல்புடையது. சொட்டு மருந்திட்டுத் தளரச் செய்தே அளக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் அவ்வாறே. விழித்திரையில் கசியும் குருதியையும், கண் நீரழுத்தத்தையும் கைபேசி காட்டாது. இரட்டைப் பார்வை வில்லையையும், படிப்படியாகப் பவர் மாறும் வில்லையையும் கடையில் முகத்தோடு வைத்து அளந்தே வாங்குவது நன்று. ஒரே பவர் கொண்ட எளிய கண்ணாடியோ, இருக்கும் கண்ணாடிக்கு மாற்றாக ஒன்றோ வேண்டுமெனில் கைபேசியில் வாங்குவதில் தவறொன்றுமில்லை. வந்ததும் அதைக் கடைக்கு எடுத்துச் சென்று லென்ஸ்மீட்டரில் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்பாவைத் தொலைவை அடுத்த முறை சோதனைக்குச் செல்கையில் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 60, 62, 64 என்று ஏதேனும் ஓர் எண். வளர்ந்தவர்க்கு அது பெரிதாக மாறுவதில்லை. அந்தச் சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டால், பின்னர் எங்கு வாங்கினாலும் அது உதவும்.